இருசக்கர வாகனத்துக்கு எந்த பல்பு? ஒரு நீண்ட விவாதத்தின் நிலவரம்

பைக்கிலோ ஸ்கூட்டரிலோ ஹெட்லைட் பல்பு போய்விட்டால் அதே ரகத்தை வாங்கி மாட்டுவதா, அதைவிடப் பளிச்சென்று எரியும் ஒன்றுக்கு மாறுவதா? வண்டிக்கு மின்விளக்கு வந்த காலத்திலிருந்தே கேட்கப்படும் கேள்வி இது. 6 வோல்ட் யெஸ்டியும் பழைய புல்லட்டும் வைத்திருந்தவர்கள் 12 வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். 12 வோல்ட் வண்டிக்காரர்கள் சாதா டூமை, அதாவது ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த பகுதியை, கழற்றிவிட்டு ஹாலஜன் டூம் போட்டார்கள். ஹாலஜனோடு வந்த வண்டியை வாங்கியவர்கள் காரில் போடும் எச்4 பல்பைத் தேடினார்கள். இன்று சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ ஹெட்லைட் பல்பு கேட்டால், "எல்.இ.டி.யே போட்டுடுங்க சார்" என்ற பதில்தான் முதலில் வருகிறது.

இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது: வெளிச்சம் குறைந்தால் குறை பல்பில் இருக்கிறது. இந்த அனுமானமே பாதிப் புகார்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று கருத இடமிருக்கிறது. பல்பு ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதற்கு முன்னால் காயில், ரெகுலேட்டர், சுவிட்ச், வயர், ஹோல்டர் உண்டு. அதைச் சுற்றி ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் உண்டு. இவற்றை விட்டுவிட்டு பல்பை மட்டும் ஒப்பிடும் வாதம் எதுவும் முழுமையாகாது.

விவாதம் நடந்துவந்த பாதை

சாதாரண இழை பல்பில் டங்ஸ்டன் இழை சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கரியாகப் படியும். பழைய ஸ்கூட்டர்களில் இரண்டு முள் வைத்து, அழுத்தித் திருகி மாட்டும் 35/35 வாட் பல்புகள் நாளடைவில் கறுத்துப்போனதற்கு இதுவே காரணம். பல்புக்குள் சிறிதளவு அயோடின் அல்லது புரோமின் இருந்தால் ஆவியான டங்ஸ்டன் அதனுடன் சேர்ந்து மீண்டும் இழைக்கே திரும்புகிறது. இதுதான் ஹாலஜன் பல்பு. இதற்கான காப்புரிமையை ஜெனரல் எலெக்ட்ரிக் 1959-இல் பெற்றது. 1962-இல் ஐரோப்பியக் கார்களுக்கு எச்1 பல்பு வந்தது. பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு இழைகளைக் கொண்ட எச்4 1971-இல் வந்தது. அதே குடும்பத்தில் இருசக்கர வாகனத்தின் சிறிய மின்னாக்கிக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது எச்.எஸ்.1. நம் ஊரில் பல ஆண்டுகளாக ஓடும் 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த 35/35 வாட் பல்புதான்.

அடுத்த திருப்பம் 2017-இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று விதி வந்தது. சுவிட்ச் காணாமல் போனது. இரவில் மட்டும் எரிந்த பல்பு பகலிலும் எரியத் தொடங்கியது. ஹாலஜன் பல்பின் ஆயுள் சில நூறு மணி நேரங்களில் கணக்கிடப்படுவது. தினமும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுபவருக்கு ஆண்டுக்கு எழுநூறு மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரியும். பல்பு மாற்றுவது எப்போதோ வரும் வேலையாக இருந்த நிலை மாறி, ஆண்டுதோறும் வரும் செலவாக ஆனது. எல்.இ.டி. பக்கம் மக்கள் சாய்ந்ததற்கு வெளிச்சத்தோடு இந்தச் சலிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கம்பெனி போட்டதே சரி என்ற நிலை

மிகப் பழைய பதில் இது. தயாரிப்பாளர்களும் பல மூத்த மெக்கானிக்குகளும் இதையே சொல்கிறார்கள். இதன் பலம் புரிய ஒரு எச்.எஸ்.1 பல்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். குழாய்க்குள் முன்னும் பின்னுமாக இரண்டு இழைகள். அவற்றில் டிம் இழைக்குக் கீழே மட்டும் ஒரு சிறு உலோகக் கிண்ணம். அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே வேலை செய்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருளும் கீழே வெளிச்சமுமாக ஒரு கோடு தெரிகிறதே, அந்தக் கோடு பிறப்பது இந்தக் கிண்ணத்தின் விளிம்பில். இழை ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் கோடு கலைந்துவிடும். ஐ.நா. வாகன ஒழுங்குவிதி 37 இழை பல்புகளின் வாட், வெளிச்சம் ஆகியவற்றுடன் இழை இருக்க வேண்டிய இடத்தையும் வரையறுப்பது இதனால்தான்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அது கேள்விக்கு உண்மையில் பதில் சொல்வதில்லை என்பது. எச்.எஸ்.1 பல்பு சோதனை நிலையில், 13.2 வோல்ட்டில், பிரைட்டில் 825 லூமனும் டிம்மில் 525 லூமனும் தரும். எச்4 தருவது 1650-உம் 1000-உம். தெருவிளக்கில்லாத கிராமச் சாலையில், எதிரே பேருந்து வரும்போது டிம் போட்டுக்கொண்டு போகிறவருக்கு அந்த 525 லூமன் போதுமா? விதிமுறைக்குள் இருப்பதும் போதுமானதாக இருப்பதும் ஒன்றல்ல. குழியும் மாடும் பின்விளக்கில்லாத டிராக்டரும் உள்ள சாலையில் இந்தக் குறையைச் சொல்பவர்களை "ஃபேஷனுக்கு மாற்றுகிறார்கள்" என்று ஒதுக்குவது நியாயமாகாது.

வாட்டைக் கூட்டுவோர்

ஆகவே எச்4. பார்ப்பதற்கு எச்.எஸ்.1 போலவே இருக்கும். ஆனால் இரண்டின் அடித்தட்டும் வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காரக் கூடாது என்பதற்காகவே தட்டின் காதுகள் மாற்றி அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காதை அரத்தால் ராவி உட்காரவைப்பது பட்டறைகளில் பல காலமாக நடந்துவரும் வேலை.

இங்கே சிக்கல் மின்னோட்டத்தில் தொடங்குகிறது. 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். 60 வாட் எடுப்பது 5 ஆம்பியர். சிறிய வண்டியின் காயில் அவ்வளவு தராது. தந்தாலும் மெல்லிய வயரிலும் சுவிட்சிலும் பாதி வழியிலேயே வோல்ட் இறங்கும். ஹோல்டர் உருகும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு வெந்து மங்கும். மங்கிய ரிஃப்ளெக்டருக்குப் பிறகு எந்த பல்பு போட்டும் பயனில்லை. பெரிய மின்னாக்கியுடன், எச்4 போடவே தயாரிக்கப்பட்ட வண்டிகளுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. சிறிய வண்டிகளைப் பொறுத்தவரை இந்த வழி தோற்றுவிட்டது என்றே சொல்லலாம்.

வாட்டை அப்படியே வைத்து வெளிச்சத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் "+30", "+50", "+130" பல்புகள் இன்னொரு வகை. இவற்றில் இழையைக் கூடுதல் சூட்டில் எரியவிடுகிறார்கள். ஆதாயம் உண்மையானது. ஆனால் அட்டையில் அச்சிட்ட சதவீதம் பொதுவாகக் கற்றையின் ஒரு குறிப்பிட்ட இடத்தை, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டது. மொத்த வெளிச்சம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆயுள் குறைவது மட்டும் உறுதி. நீலப் பூச்சுப் பூசிய பல்புகள் இதைவிட மோசம். வெண்மையாகத் தெரிவதற்காக அவை வெளிச்சத்தின் ஒரு பங்கை வடிகட்டி வீணாக்குகின்றன.

காரில் 1991 முதல் இடம்பிடித்த செனான் விளக்கின் கிட்டுகளும் சில காலம் பைக்குகளில் ஓடின. எரியத் தொடங்கி முழு வெளிச்சம் வர நேரம் பிடிப்பது, டிம்முக்கும் பிரைட்டுக்கும் பல்பையே முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருப்பது, ஒளி சிதறுவது ஆகிய காரணங்களால் அந்த அலை ஓய்ந்துவிட்டது.

அதிகம் பேசப்படாத வழி: வோல்ட்டை அளப்பது

இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் மாறுவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4-ஆம் அடுக்கில் மாறுகிறது. வோல்ட் 10% குறைந்தால் வெளிச்சம் 30% போய்விடும். எதிர்ப்பக்கம் பார்த்தால், வோல்ட் 5% கூடினாலே பல்பின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்கு வரும் புகார்களைக் கேட்டால் அவற்றின் பொருளே மாறிவிடுகிறது.

"லைட்டு டல்லா இருக்கு" என்ற புகாருக்கு முதல் பரிசோதனை, பல்பு எரியும்போதே ஹோல்டரின் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து அளப்பது. பேட்டரியில் 13 வோல்ட் இருந்து ஹோல்டரில் 11 மட்டுமே வந்தால் இடையில் எங்கோ தடை இருக்கிறது. துருப்பிடித்த எர்த், கருகிய கப்ளர், தேய்ந்த டிம்மர் சுவிட்ச் என அது எதுவாகவும் இருக்கலாம். விளக்கு டி.சி.யில் எரியும் வண்டியில் ஃபியூஸ் வைத்து, ரிலே மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தால் அதே 35 வாட் பல்பு வேறு பல்பு போல எரியும். இதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல எல்.இ.டி. பல்பின் விலைக்கு மேல் போவது அரிது.

"மாசம் ஒரு பல்பு போகுது" என்பது இதற்கு நேரெதிரான நோய். ஆர்.ஆர். யூனிட் எனப்படும் ரெகுலேட்டர் பழுதானால் இன்ஜின் வேகம் ஏற ஏற வோல்ட்டும் கட்டுப்பாடின்றி ஏறும். ஹெட்லைட்டோடு பின்விளக்கும் மீட்டர் பல்பும் சேர்ந்து போனால் சந்தேகப்பட வேண்டியது பல்பின் தரத்தை அல்ல. புது பல்பைப் போட்டு அனுப்புவது நோயாளிக்குத் திரும்பத் திரும்ப வலி மாத்திரை கொடுப்பதைப் போன்றது.

பழைய வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியோடு சேராமல் காயிலிலிருந்து நேரே ஏ.சி.யில் எரிந்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் பளிச், சிக்னலில் நின்றால் மங்கல். வண்டி ஏ.சி.யா டி.சி.யா என்று தெரியாமல் மாற்று பல்பு வாங்குவதுதான் எல்.இ.டி. ஏமாற்றங்களில் கணிசமானவற்றின் தொடக்கம். டி.சி.க்கு மட்டும் செய்யப்பட்ட எல்.இ.டி. ஏ.சி. வண்டியில் துடிக்கும், அல்லது விரைவில் செத்துப்போகும்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. இதற்கு நேரமும் பொறுமையும் வேலை தெரிந்த கையும் வேண்டும். பல்பு மாற்றுவது ஐந்து நிமிட வேலை, வயரிங் தேடுவது அரைநாள் வேலை. பட்டறையின் வருமானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்ததே. மேலும், கண்ணாடி மஞ்சளித்து ரிஃப்ளெக்டர் மங்கிய வண்டியில் முழு வோல்ட் வந்தும் பயன் குறைவு. அங்கே பல்புக்கு முன்னால் மாற்ற வேண்டியது டூம்.

எல்.இ.டி.: வாதமும் எதிர்வாதமும்

எல்.இ.டி. நல்ல ஒளிமூலம் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புதிய வண்டிகளில் பலவும் தொழிற்சாலையிலிருந்தே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வருகின்றன. விவாதம் வேறு: இழை பல்புக்காக வார்த்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகலாமா?

எதிர்ப்பவர்களின் வாதம் வடிவியல் சார்ந்தது. இழை என்பது எல்லாத் திசையிலும் ஒளி வீசும் மெல்லிய உருளை. எல்.இ.டி. சில்லு தட்டையானது, ஒரு பக்கம் மட்டும் வீசுவது. இரண்டு சில்லுகளை முதுகோடு முதுகு ஒட்டினாலும் நடுவில் ஒரு தகடு இருக்கும். தகடு தடித்தால் ஒளி பிறக்கும் இடம் விலகும், மேலே சொன்ன கோடு கலையும். ஓட்டுபவருக்கு முன்னால் பத்தடி பளீரென்று வெளுக்கும், தொலைவில் வெளிச்சம் குறையும், எதிரே வருபவர் கண் கூசும். அருகில் அதிக வெளிச்சம் இருப்பதால் ஓட்டுபவரின் கண்மணி சுருங்கித் தொலைவு இன்னும் இருட்டாகத் தெரியும். ஆனால் அவர் மனதில் "சூப்பர் லைட்" என்ற எண்ணமே பதியும். சொந்த அனுபவத்தை மட்டும் வைத்து பல்பை மதிப்பிடுவது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆதரிப்பவர்களிடம் இன்று வலுவான ஒரு பதில் இருக்கிறது. 2020-இல் ஜெர்மனியில் ஆஸ்ரம் நிறுவனத்தின் எச்7 எல்.இ.டி. மாற்று பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. தகட்டை மெலிதாக்கி, சில்லை இழையின் இடத்திலேயே வைத்தால் கோடு காக்கப்படும் என்பதை இது காட்டியது. ஆனால் அந்த அனுமதி எல்லா வண்டிக்கும் பொதுவானதாக வழங்கப்படவில்லை. எந்தெந்த வண்டியின் எந்த ஹெட்லைட்டில் போடலாம் என்று சோதித்துப் பட்டியலிட்ட அனுமதி அது. எல்.இ.டி. மாற்று பல்பு சாத்தியமா என்ற கேள்விக்கு ஆம் என்ற பதில் கிடைத்துவிட்டது. கையிலிருக்கும் இந்த பல்பு இந்த வண்டியில் சரியா என்பது தனித்தனியே சோதிக்க வேண்டியதாகவே நிற்கிறது. நம் ஊர் எச்.எஸ்.1 ரிஃப்ளெக்டர்களுக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியல் இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

வாங்குபவரைக் குழப்பும் இன்னொன்று, பல்பின் அடியில் வட்டத்துக்குள் பொறித்த ஆங்கில 'இ' குறி. மின்காந்த இடையூறு இல்லை என்பதற்கான ஒழுங்குவிதி 10-இன் கீழும் அந்தக் குறி தரப்படும். வானொலிக்குத் தொந்தரவு செய்யாது என்ற சான்றைக் காட்டி, வெளிச்சம் முறையானது என்று விற்பது சரியல்ல.

நிறம் குறித்த வாதத்தில் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். ஹாலஜன் ஒளி 3200 கெல்வினை ஒட்டிய மஞ்சள். சந்தை எல்.இ.டி.கள் பெரும்பாலும் 6000 கெல்வின் நீலவெண்மை. மஞ்சள் ஒளி பனிமூட்டத்தைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பழையது. பிரான்சில் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது. ஆனால் மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. வால்பாறையிலோ கொடைக்கானல் மலைப்பாதையிலோ பனியில் வெள்ளைச் சுவர் எழுவதற்கு மேல்நோக்கிச் சிந்தும் ஒளியே முக்கியக் காரணம். அதே சமயம், ஒரே அளவு வெளிச்சத்தில் நீலம் கலந்த ஒளிதான் கண்ணை அதிகம் உறுத்துகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. எதிரே வருபவரை எண்ணினால் வெதுவெதுப்பான நிறத்தைத் தேர்வதில் நியாயம் இருக்கிறது.

மின்சேமிப்பு வாதம் பெட்ரோல் வண்டிகளில் அவ்வளவு வலுவானதல்ல. சிறிய வண்டிகளில் நிரந்தரக் காந்த மின்னாக்கியே இருக்கிறது. பரவலாகப் பயன்படும் ரெகுலேட்டர் வகை, மிஞ்சும் மின்சாரத்தைக் குறுக்குச்சுற்றாக்கிச் சூடாகவே கழிக்கிறது. 35 வாட்டை 15 ஆக்கினால் அந்த 20 வாட் பெட்ரோலாகத் திரும்பி வருவதில்லை. சிக்னலில் நிற்கும்போது பேட்டரிக்குச் சுமை குறையும் என்பது மட்டும் டி.சி. வண்டிகளில் உண்மையான ஆதாயம்.

பின்விளக்கும் இண்டிகேட்டரும்

ஹெட்லைட் விவாதத்தின் சத்தத்தில் இவை மறைந்துபோகின்றன. ஆனால் பிரேக் விளக்கில் எல்.இ.டி.யின் பக்கம் தெளிவான ஒரு வாதம் உண்டு. இழை முழுதாக எரிய ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும், எல்.இ.டி. உடனே எரியும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது 3 மீட்டருக்கு மேல். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் அதன் ஒளியில் பெரும்பகுதி கண்ணாடியிலேயே தங்கிவிடும். அங்கே சிவப்பு எல்.இ.டி.யே வேண்டும். 21/5 வாட் டபுள் பல்பின் இரு முள்ளும் ஒரே உயரத்தில் இருக்காது, தவறாக மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இண்டிகேட்டரில் பல்பை மட்டும் மாற்றினால் வினோதமான விளைவுகள் வரும். மின்னோட்டம் குறைந்ததும் பழைய ஃபிளாஷர் வேகமாகத் துடிக்கும், அல்லது துடிக்காமலே நிற்கும். மீட்டரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அம்புக்குறி பல்பு உள்ள வண்டியில் இடப்பக்கம் போட்டால் நான்கும் மின்னும். அந்த ஒற்றை பல்பு இடது, வலது வயர்களுக்கு நடுவே இணைக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியாகப் போகும் மெல்லிய மின்னோட்டம் மறுபக்க இழை பல்புகளை எரிக்கப் போதாது, எல்.இ.டி.யை எரிக்கப் போதும். எல்.இ.டி. ஃபிளாஷரும் இரண்டு டையோடும் இதற்கு மருந்து. எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று சொல்லாத இண்டிகேட்டரோடு சாலையில் இறங்குவது இண்டிகேட்டரே இல்லாததைவிட ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே வாசித்தது. அதே ஆண்டு திருத்தத்தில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று சேர்க்கப்பட்டது. ஆனால் சட்டம் 'மாற்றம்' என்று விளக்குவது வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாறுதலை. ஒரு பல்பு அதற்குள் வருமா என்பதில் இரு வாசிப்புக்கும் இடமுண்டு. நடைமுறையில் தமிழ்நாட்டில் கண்கூச்சத்துக்குக் காவல்துறை கண்ட தீர்வு ஹெட்லைட் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. அது மொத்த வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்கும், கலைந்த கோட்டை நேராக்காது.

தீராமல் நிற்பவை

ஹாலஜன் ரிஃப்ளெக்டர் உள்ள வண்டிக்கு, முழு வோல்ட் கிடைக்கச் செய்த தரமான எச்.எஸ்.1 பல்பே இன்றைய நிலையில் அதிகம் பாதுகாப்பான தேர்வு என்று தோன்றுகிறது. எல்.இ.டி. போட விரும்புபவர், ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்த நிலையில் பழைய பல்பின் கோட்டைச் சுவரில் குறித்துவைத்து, புதியதும் அதே இடத்தில் அதே கூர்மையோடு விழுகிறதா என்று பார்க்கலாம். விழாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது என்றாலும் அட்டையில் போட்ட லூமன் எண்ணைவிட நம்பத்தக்கது.

ஆனால் இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பின்னால் ஒருவரும் மடியில் ஒரு குழந்தையும் ஏறினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து கற்றை மேலே எழும். நம் சாலைகளில் இருசக்கர வாகனம் பெரும்பாலும் ஓடுவது அந்த நிலையில்தான். எந்த பல்புக்கும் இதற்குப் பதில் இல்லை. தொழிற்சாலை எல்.இ.டி. ஹெட்லைட்டுகள் இன்னொரு கேள்வியை எழுப்புகின்றன. அவற்றில் பலவற்றில் பல்பு என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு சில்லு போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டியிருக்கும், விலையோ எச்.எஸ்.1 பல்பின் விலையைப் போலப் பல மடங்கு. பத்து ஆண்டு ஓடிய வண்டியின் மூன்றாவது உரிமையாளர் அந்த விலை கொடுப்பாரா, கிடைத்ததை வைத்து ஒட்டிக்கொள்வாரா என்பது அந்த வண்டிகள் பழசாகும்போதுதான் தெரியவரும்.